வெள்ளை ராணியின் வகுப்பறை

வில்லிகளின் வரலாறு – 9

சிகாகோவை ஒட்டிய டீர்ஃபீல்டு என்னும் புறநகர். கிட்டி பிரைடு என்ற பதின்மூன்றரை வயதுப் பெண்ணுக்குச் சில நாட்களாக மண்டையைப் பிளக்கும் தலைவலி. வீட்டில் அப்பா அம்மாவுக்குள்ளும் சரியில்லை. அந்த வீட்டுக்கு ஒரே நாளில் இரண்டு பள்ளிக்கூடங்களிலிருந்து ஆள் வருகிறார்கள், மகளை எங்களிடம் அனுப்புங்கள் என்று கேட்டு. முதலில் வந்தவள் மாசசூசெட்ஸ் அகாடமி என்ற உறைவிடப் பள்ளியின் தலைமையாசிரியை. பொன்னிறக் கூந்தல், உடுத்தியிருப்பதெல்லாம் வெள்ளை, பேச்சில் தேன். பெற்றோருக்கு அவளைப் பிடித்துப்போகிறது. கிட்டிக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை.

அந்தத் தலைமையாசிரியைதான் எம்மா ஃப்ராஸ்ட். 1980 ஜனவரி தேதியிட்ட 'எக்ஸ்-மென்' 129-ஆம் இதழில் அவளும் கிட்டியும் ஒருசேர அறிமுகமானார்கள். அதற்குப் பிந்தைய நாற்பது ஆண்டுகளில் எம்மா என்னவெல்லாமோ ஆனாள். ரகசியச் சங்கத்தின் ராணி, கோமாவில் கிடந்த நோயாளி, வைரச் சிலை, நாயகனின் காதலி, ஒரு தீவு தேசத்தின் ஆட்சிக்குழு உறுப்பினர். இவற்றுள் எது வந்தாலும் போனாலும், முதல் நாள் அந்த வீட்டுக்கு அவள் எந்த அடையாளத்தோடு வந்தாளோ அது மட்டும் மாறவில்லை. அவள் ஒரு ஆசிரியை. அவளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் உடையிலிருந்து தொடங்குகிறார்கள். வகுப்பறையிலிருந்து தொடங்கினால்தான் இவள் கதை பிடிபடும் என்பது என் எண்ணம்.

உடையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்கும் ஒரு வரலாறு உண்டு. எழுத்தாளர் கிறிஸ் கிளேர்மான்ட், ஓவியர் ஜான் பைர்ன் இருவரும் சேர்ந்து உருவாக்கியது 'ஹெல்ஃபயர் கிளப்' என்ற செல்வந்தர் சங்கம். நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் மாளிகை, மேலே விருந்து, உள்ளே உலகை ஆட்டிவைக்கத் துடிக்கும் ஒரு சிறு வட்டம். பதவிகளுக்குச் சதுரங்கப் பெயர்கள்: கருப்பு ராஜா, வெள்ளை ராணி. இந்தக் கற்பனைக்கு விதை, 1966-இல் ஒளிபரப்பான 'தி அவெஞ்சர்ஸ்' என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடரின் ஒரு பகுதி. (மார்வெலின் அவெஞ்சர்ஸுக்கும் இதற்கும் தொடர்பில்லை.) பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பிரபுக்கள் நடத்திய ஹெல்ஃபயர் சங்கங்களை நவீன லண்டனில் யாரோ மறுபடி நடத்துவதாக அந்தப் பகுதி போகும். நாயகி எம்மா பீலாக நடித்த டயானா ரிக், துப்பறிவதற்காக அந்தச் சங்கத்துக்குள் ராணி வேடத்தில் நுழைவார். இது எல்லை மீறியது என்று அமெரிக்கத் தொலைக்காட்சி அந்தப் பகுதியை ஒளிபரப்பவே மறுத்தது. அந்த நாயகியின் முதற்பெயர்தான் நம் வில்லிக்குக் கிடைத்தது. அதே பகுதியில் வில்லனாக நடித்த பீட்டர் விங்கார்டின் குடும்பப் பெயர், சங்கத்தின் இன்னொரு சதிகாரனான ஜேசன் விங்கார்டுக்குப் போனது.

அந்த விங்கார்டோடு சேர்ந்து எம்மா செய்ததுதான் அவளுடைய முதல் பெருங்குற்றம். எம்மா பிறர் மனதைப் படிப்பவள், ஆட்டுவிக்கவும் தெரிந்தவள். விங்கார்டு மாயக்காட்சிகளை உண்டாக்குபவன், ஆனால் இன்னொருவர் மனதுக்குள் நேரே புகும் ஆற்றல் அவனுக்கு இல்லை. எம்மா ஒரு கருவியைச் செய்துகொடுத்து அந்தக் குறையைத் தீர்த்தாள். அதை வைத்து அவன் எக்ஸ்-மென் நாயகி ஜீன் கிரேயின் மனதுக்குள் இல்லாத காலத்தையும் இல்லாத காதலையும் விதைத்தான். ஃபீனிக்ஸ் என்னும் பேராற்றலைச் சுமந்த ஜீன் நிலை பிறழ்ந்து, ஒரு சூரியனையே விழுங்கி, கடைசியில் தன் உயிரையும் போக்கிக்கொண்ட அந்தப் புகழ்பெற்ற கதையில் பழி முழுவதும் விங்கார்டின் தலையில்தான் விழுகிறது. சாவியைச் செய்தவள் எம்மா. அமெரிக்க வாசகர்களே இதை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

131-ஆம் இதழில் ஜீனும் எம்மாவும் மனதோடு மனம் மோதினார்கள். எம்மா தோற்றாள். செத்துவிட்டாள் என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் 1981 இறுதியில் வந்த 151, 152-ஆம் இதழ்களில் திரும்பி வந்து, ஸ்டார்ம் என்ற நாயகியின் உடலுக்குள் தன் மனதையும் தன் உடலுக்குள் அவள் மனதையும் மாற்றி வைத்தாள். அதையும் எங்கே செய்கிறாள் பாருங்கள். கிட்டியின் பெற்றோர் மகளைக் கடைசியில் எம்மாவின் பள்ளியிலேயே சேர்த்துவிட்டிருந்தார்கள். கதை நடப்பது அந்த வளாகத்தில்.

எண்பதுகளில் கிளேர்மான்ட் இந்த இழையைப் பிடித்துக்கொண்டார். எக்ஸ்-மென்னை உருவாக்கிய சேவியரின் பள்ளியில் 'நியூ மியூட்டன்ட்ஸ்' என்ற இளம் அணி இருந்தால், எம்மாவின் பள்ளியில் 'ஹெல்லியன்ஸ்' இருந்தார்கள். 1984-இல் அறிமுகமான இந்தப் பிள்ளைகளைக் கெட்டவர்கள் என்று சொல்ல மனம் வராது. பூனையாக உருமாறும் கேட்ஸ்ஐ, நெருப்பாய்ப் பறக்கும் ஜெட்ஸ்ட்ரீம், அதிர்ஷ்டத்தையும் துரதிர்ஷ்டத்தையும் வட்டுகளாக வீசும் ரூலெட். இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் ஒருவரையொருவர் எதிர்ப்பார்கள்; சிலவேளை நட்பாகவும் இருப்பார்கள். 1986-இல் பெரும் அதிர்ச்சிக்கு ஆளாகி மனம் உடைந்து கிடந்த நியூ மியூட்டன்ட்ஸ் பிள்ளைகளைத் தன் பக்கம் இழுக்க, அப்போது சேவியரின் இடத்தில் இருந்த மேக்னெட்டோவின் மனதையே எம்மா கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்தாள். அவரும் தன் மாணவர்களைத் தன் கையாலேயே அவளிடம் ஒப்படைத்தார். ஒரு ஆசிரியர் இன்னொரு ஆசிரியரிடம் திருடக்கூடிய பொருள் வேறென்ன இருக்கிறது?

அதே 1986-இல் நான்கு இதழ்களாக வந்தது 'ஃபயர்ஸ்டார்'. எழுதியவர் டாம் டிஃபால்கோ, வரைந்தவர் மேரி வில்ஷையர். எம்மாவைப் பற்றி ஒரே ஒரு கதைதான் படிக்க முடியும் என்றால் நான் இதைத்தான் கையில் கொடுப்பேன். ஏஞ்சலிகா ஜோன்ஸ் தாயில்லாப் பெண். நுண்ணலைகளால் எரிக்கும் ஆற்றல் அவளிடம் விழிக்கிறது. அப்பாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எம்மா வந்து அழைத்துப்போகிறாள். அறை, துணிமணி, பாராட்டு, பட்டர் ரம் என்ற பெயரில் ஒரு குதிரை. அந்தப் பெண்ணின் வாழ்க்கையில் முதல்முறையாக யாரோ அவளை உயர்வாக நடத்துகிறார்கள். அவள் எம்மாவைத் தாயாகவே பார்க்கத் தொடங்குகிறாள். எம்மாவின் கணக்கோ வேறு. சங்கத்துக்குள் தனக்குப் போட்டியாக இருக்கும் கருப்பு ராணி செலினைத் தீர்த்துக்கட்ட ஒரு கொலைகாரி வேண்டும். பயிற்சி அதற்குத்தான். ஏஞ்சலிகா உயிராய் நேசித்த அந்தக் குதிரை சாக எம்மாவே ஏற்பாடு செய்கிறாள், வேறு எந்தப் பாசமும் குறுக்கே நிற்கக் கூடாதென்று. எம்மாவின் மெய்க்காவலன் ரேண்டால் மனம் மாறி உண்மையைச் சொன்ன பிறகுதான் அந்தப் பெண்ணின் கண் திறக்கிறது.

ஊரை அழிக்கும் வில்லிகள் சித்திரக்கதைகளில் எத்தனையோ பேர். இவள் செய்தது சிறிய காரியம், அதனாலேயே கொடியது. பாசத்துக்கு ஏங்கிய ஒரு பிள்ளையிடம் அந்தப் பாசத்தையே கயிறாக்கிக் கட்டினாள். இதற்கு டெலிபதி தேவையில்லை. உலகில் எந்தப் பள்ளியிலும் எந்த விடுதியிலும் நடக்கக்கூடியது இது.

1991 அக்டோபரில் 'எக்ஸ்-மென்' 281-ஆம் இதழ். எதிர்காலத்திலிருந்து வந்த ட்ரெவர் ஃபிட்ஸ்ராய் என்ற இளைஞன் ஒரு கொலைப் போட்டியில் கலந்துகொள்கிறான். பெரிய தலைகளை வீழ்த்தினால் மதிப்பெண். எம்மாவும் அவள் மாணவர்களும் எக்ஸ்-மென்னும் ஒரே இடத்தில் இருக்கும்போது சென்டினல் என்ற கொலை இயந்திரங்களை ஏவிவிடுகிறான். ஹெல்லியன்ஸ் பெரும்பாலோர் செத்தார்கள். கேட்ஸ்ஐ, ஜெட்ஸ்ட்ரீம், ரூலெட் எல்லோரும் போனார்கள். ஏழாண்டு வளர்ந்த பாத்திரங்களைச் சில பக்கங்களில் முடித்துவிட்டார்கள். புதிய வில்லன் எவ்வளவு பயங்கரமானவன் என்று காட்ட வேறு வழி தெரியாமல் பிள்ளைகளைப் பலி கொடுத்த அந்த அவசரத்தை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. எம்மா கோமாவில் விழுந்தாள்.

அந்த மோசமான முடிவிலிருந்து ஒரு நல்ல கதையை எடுத்தவர் ஸ்காட் லாப்டெல். 1994-இல், சேவியரின் மாளிகையில் கிடந்த எம்மா விழிக்கிறாள், ஐஸ்மேன் என்ற பாபி டிரேக்கின் உடலுக்குள். அந்த உடலோடு தப்பி ஓடுகிறாள். பாபி இத்தனை ஆண்டுகளில் கண்டறியாத வழிகளிலெல்லாம் அவன் பனி ஆற்றலை அவள் பயன்படுத்துகிறாள். அவன் திறமை எவ்வளவு என்று அவனுக்கே தெரியாதது அவளுக்குத் தெரிகிறது. பாபியை அது நெடுநாள் உறுத்தியது. ஆனால் அவள் ஓடுவது தப்பிப்பதற்கு மட்டுமல்ல. பிள்ளைகள் எங்கே என்று தெரிய வேண்டும். அன்று தாக்கப்பட்ட பிள்ளைகள் பிழைக்கவில்லை என்ற செய்தி தெரியும்போது வெள்ளை ராணி உடைந்துபோகிறாள். வில்லி மனம் மாறும் இடம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் இதுதான். யாரும் அவளுக்கு உபதேசம் செய்யவில்லை, காதலும் இல்லை. வகுப்பு காலியாகிவிட்டது, அவ்வளவுதான்.

அதே ஆண்டு நவம்பரில் 'ஜெனரேஷன் எக்ஸ்' தொடங்கியது. லாப்டெல் எழுத, கிறிஸ் பச்சாலோ வரைந்தார். பழைய மாசசூசெட்ஸ் அகாடமி இப்போது சேவியரின் பள்ளி. பான்ஷி என்ற ஷான் கேசிடியும் எம்மாவும் இணைத் தலைமையாசிரியர்கள். ஜூபிலி, சேம்பர், ஹஸ்க், சிங்க் என்று புதிய பிள்ளைகள். எம்மா கண்டிப்பானவள், நாக்கு கத்தி. பிள்ளைகள் முழுதாய் நம்பவில்லை. நம்பக் கூடாதென்று அவளே நினைத்தாளோ என்று தோன்றும். 2000-ஆம் ஆண்டு 70-ஆம் இதழில் பள்ளிக்குக் குண்டு வைத்தவள் எம்மாவின் சொந்தச் சகோதரி ஏட்ரியன். சிங்க் செத்துப்போனான். எம்மா துப்பாக்கியோடு போய் ஏட்ரியனைச் சுட்டுக் கொன்றாள். மாணவனுக்காகப் பழிவாங்கிய ஆசிரியை, மாணவர்களின் கண்ணில் கொலைகாரியாக நின்றாள். 75-ஆம் இதழோடு தொடரும் முடிந்தது, பள்ளியும் மூடியது.

இங்கே கிராண்ட் மோரிசன் வருகிறார். 2001-இல் 'நியூ எக்ஸ்-மென்' இதழை ஃபிராங்க் குவைட்லியோடு கையில் எடுத்தவர், முதல் கதையிலேயே பிறவி ஆற்றல் கொண்ட மியூட்டன்ட்களின் நாடான ஜெனோஷாவை அழித்தார். ஒரு கோடியே அறுபது லட்சம் உயிர்கள். அங்கேதான் எம்மா பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். இடிபாடுகளில் தேடி வந்தவர்கள் அவளைக் கண்டபோது உடம்பு முழுக்க வைரமாகியிருந்தது. கைகளில் இறந்த மாணவி ஒருத்தி. இரண்டாவது முறையும் வகுப்பு முழுவதும் போய், ஆசிரியை மட்டும் மிஞ்சியிருந்தாள்.

அந்த வைர உடலை மோரிசனின் ஆகச் சிறந்த கண்டுபிடிப்புகளில் ஒன்றாகச் சொல்வேன். வைரமாக இருக்கும்போது எம்மாவால் யார் மனதையும் படிக்க முடியாது. வலி தெரியாது, உணர்ச்சி மங்கிவிடும். ஊரார் மனதையெல்லாம் திறந்து பார்த்தவளுக்கு, எதுவும் உள்ளே வராத ஓர் உடம்பு கிடைக்கிறது. அவள் எப்போது வைரமாகிறாள் என்பதைக் கவனித்துப் படித்தாலே போதும், எதைக் கண்டு அஞ்சுகிறாள் என்று எழுதாமலே தெரியும்.

மோரிசன் அவளுக்குப் புதிய மாணவிகளையும் கொடுத்தார்: ஒரே முகம், ஒரே மனம் கொண்ட ஐந்து சகோதரிகள், ஸ்டெப்ஃபோர்டு குக்கூஸ். எம்மாவைப் போலவே பொன்னிறம், டெலிபதி, அதே அலட்சியம். (அவர்கள் எம்மாவின் கருமுட்டைகளிலிருந்தே உருவாக்கப்பட்டவர்கள் என்று 2006-இல் வேறொரு கதை சொன்னது.) 2003-இல், எம்மா இப்போது பாடம் நடத்திய சேவியரின் பள்ளியில் கலவரம் வெடித்தபோது, அவர்களில் சோஃபி தன் சக்திக்கு மீறியதைச் செய்து கலவரத்தை அடக்கி, உயிரை விட்டாள். எம்மா ஆறுதல் சொல்லப் போகிறாள். மிஞ்சிய சகோதரிகள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்: உங்களைக் கவரத்தான் அவள் செத்தாள், இனி உங்கள் வழிகாட்டுதல் வேண்டாம். ஏஞ்சலிகாவிடம் வேண்டுமென்றே செய்தது இங்கே வேண்டாமலே நடந்துவிட்டது. எம்மா திருந்தியவள்தான், ஆனாலும் பிள்ளைகள் அவளுக்காக எதையும் செய்யத் துணியும் அந்த ஈர்ப்பு அவளை விட்டுப் போகவில்லை.

எக்ஸ்-மென் தலைவன் ஸ்காட் சம்மர்ஸோடு எண்ணங்களின் வழியாகவே நடந்த காதல் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதப்பட்டிருக்கிறது. ஒன்று மட்டும். அதைக் கண்டுபிடித்த ஸ்காட்டின் மனைவி ஜீன், எம்மாவின் மனதுக்குள் புகுந்து அவள் பழைய வாழ்க்கையை அவளுக்கே காட்டி வதைக்கிறாள். அதன் பிறகு எம்மாவின் வைர உடலை ஒருவர் சுக்குநூறாக்கிவிட, துண்டு துண்டாகச் சேர்த்து உயிர் கொடுப்பவளும் ஜீன்தான். இருபதாண்டுக்கு முன் தன் மனதுக்குள் திருடனை அனுப்பியவளுக்கு ஜீன் செய்த காரியம் அது.

ஆச்சரியம் என்னவென்றால், எம்மாவின் பிள்ளைப் பருவம் இதற்கெல்லாம் பிறகுதான் விரிவாக எழுதப்பட்டது. 2003 முதல் 2005 வரை 18 இதழ்கள் வந்த 'எம்மா ஃப்ராஸ்ட்' தொடர், கார்ல் பாலர்ஸ் எழுதியது. பாஸ்டனின் பணக்காரக் குடும்பம். பிள்ளைகளைத் தொழில் வாரிசுப் போட்டிக்குள் தள்ளும் அப்பா வின்ஸ்டன். மாத்திரையும் மதுவுமாக அம்மா. எம்மாவின் கூந்தல் அப்போது பழுப்பு நிறம். பள்ளியில் கேலிக்கு ஆளாகும் கூச்சக்காரி. அவளைப் புரிந்துகொண்ட ஒரே சகோதரன் கிறிஸ்டியன். அவன் ஓரினச்சேர்க்கையாளன் என்பதற்காக அப்பா அவனை மனநல விடுதியில் தள்ளுகிறார். அவளிடம் திறமை இருக்கிறது என்று முதலில் சொன்னவர் இயன் கெண்டல் என்ற இளம் ஆசிரியர். அவர் வேலையை அப்பா பறிக்கிறார். வாரிசுப் பட்டம் கைக்கு எட்டியபோது எம்மா அதை உதறிவிட்டு வெளியேறுகிறாள்.

கண்ணியமான, நிதானமான கதை. அதன் மேலட்டைகளை கிரெக் ஹார்ன் வரைந்தார். அவற்றில் அரைகுறை வெள்ளை ஆடையில் வளர்ந்த எம்மா கிறங்கிப் பார்ப்பாள். உள்ளே பள்ளிச் சீருடையில் ஒரு பெண் அழுதுகொண்டிருப்பாள். இந்தக் கதையை விரும்பிப் படித்திருக்கக்கூடிய இளம்பெண்கள் அந்த அட்டையைக் கடையில் எடுத்துப் பார்த்திருப்பார்களா? அட்டையைப் பார்த்து வாங்கியவர்களுக்கு உள்ளே என்ன கிடைத்திருக்கும்? தொடர் நிலைக்காமல் போனதற்குக் கதையைக் குறை சொல்ல மாட்டேன்.

பிறகு வந்ததைச் சுருக்கமாகவே சொல்லலாம். 2004-இல் ஜாஸ் வீடனும் ஜான் கசடேயும் தொடங்கிய 'அஸ்டானிஷிங் எக்ஸ்-மென்' அவளைச் சேவியர் பள்ளியின் தலைமையில் அமர்த்தியது. ஆசிரியையாகத் திரும்பி வந்த கிட்டி அவளை நேருக்கு நேர் வெறுத்தாள். அவளை வரவழைத்ததே எம்மாதான். தான் தடம் புரண்டால் முதலில் கண்டுகொள்ளக்கூடிய ஆள் கிட்டி என்று. 2012-இல் ஃபீனிக்ஸின் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு எம்மாவுக்கே வந்து, அவளும் நிலைகுலைந்தாள். 2016-இல் ஸ்காட் நோயில் செத்ததை மறைத்து, அவன் வீரமரணம் அடைந்ததாக ஊர் முழுவதற்கும் ஒரு மாயத்தைக் காட்டி, அதை வைத்தே ஒரு போரை மூட்டினாள். அந்தப் போர்க்கதையில் மாணவர்கள் யாரும் அவள் மனதில் இல்லை. காதலனை இழந்த ஆத்திரம் மட்டுமே. அதனால்தான் எம்மாவை எழுதியதிலேயே அது ஆகப் பலவீனமானது. அவளை வெறும் விதவையாக்கினால் வில்லி என்ற தகுதிகூட மிஞ்சுவதில்லை.

2019-இல் ஜொனாதன் ஹிக்மன் மியூட்டன்ட்களுக்குக் கிரகோவா என்ற தீவு தேசத்தை அமைத்தபோது எம்மாவுக்கு வணிகப் பொறுப்பும் ஆட்சிக்குழுவில் இடமும் கிடைத்தன. ஜெர்ரி டுக்கன் எழுதிய 'மரோடர்ஸ்' அவளையும் கிட்டியையும் ஒரே கப்பல் வணிகத்தில் கூட்டாளிகளாக்கியது. கிட்டி கொல்லப்பட்டபோது துக்கத்திலும் சினத்திலும் கொதித்தவள் எம்மா. அவளை மீண்டும் உயிர்ப்பிக்க இடைவிடாது முயன்றதும் எம்மாதான். கிட்டி அதன் பிறகும் அவளோடு பேசுகிறாள்.

எல்லோரும் அப்படி இல்லை. 2022-இல் எக்ஸ்-மென் அணியின் ஓர் இடத்துக்கு மார்வெல் வாசகர்களிடம் வாக்குக் கேட்டது. வென்றவள் ஃபயர்ஸ்டார். குதிரையை இழந்த அந்த ஏஞ்சலிகா, இப்போது வளர்ந்த பெண். அவெஞ்சர்ஸ் அணியில் நெடுநாள் இருந்தவள். எம்மா செல்வாக்கோடு நடமாடும் கிரகோவாவை அவள் தன் ஊராக நினைத்ததே இல்லை. எல்லா மியூட்டன்ட்களும் கொண்டாடும் ஒரு தலைவி, அவளுக்கு இன்னும் மாசசூசெட்ஸின் வெள்ளை ராணிதான். அணியில் சேர்ந்தாள், வேலையைச் செய்தாள். மன்னிக்கவில்லை. மன்னித்தே ஆக வேண்டும் என்று டுக்கனும் அவளை வற்புறுத்தவில்லை.

(தொடரும்)

அடுத்த இதழில்: ஜெனோஷாவை அழித்த கசாண்ட்ரா நோவா